இரைச்சல் குடியிருந்த பெட்டி

சிப்பித்துறையில் உப்பு வாரி முடிந்து, பாத்திகளில் மழைத்தண்ணீர் தேங்கி, உப்பளத்துக்குப் போகிற ஆண்பிள்ளைகள் எல்லாம் வீட்டிலேயே உட்கார்ந்து பெண்டாட்டி வைக்கிற குழம்பில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிற ஐப்பசி மாதத்தில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மோட்சராக்கினி வீட்டு ஹோம் தியேட்டர் தானாக இரையத் தொடங்கியது. தொடங்கினது தொடங்கினதுதான், கிறிஸ்மஸ் வந்து போய், குடிலைப் பிரித்துப் பரணில் ஏற்றி, ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் பிறக்கிற வரைக்கும் அது வாய் ஓயவே இல்லை.

மகன் ரூபன் மஸ்கட்டிலிருந்து ஆள் மூலம் அனுப்பிய பெட்டி அது. கன்னங்கரேலென்று ஒரு ஆம்ப்ளிஃபயர், ஆளுயரத்தில் இரண்டு ஸ்பீக்கர், மூலையில் வைக்க ஒரு பாஸ் பெட்டி. மாதா சுரூபம் இருக்கிற அலமாரிக்குக் கீழேயே இடம் ஒதுக்கி, தூசி படாமலிருக்க அவளே குரோஷா நூல்விரிப்பு பின்னிப் போட்டிருந்தாள். காலையில் ஞானப்பாட்டுகளைப் போட்டுவிட்டு அவள் அரிசி களைவாள், கருவாடு அலசுவாள், வாசல் பெருக்குவாள். எல்லாப் பாட்டும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஒரு வரிகூட அவள் வாயில் வராது. உதட்டை ஒட்டிக்கொண்டுதான் கேட்பாள்.

அதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். மோட்சராக்கினியும் அவள் வீட்டுக்காரர் கஸ்பாரும் ஒரு காலத்தில் பங்குக் கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவர்கள். பாட்டிலேதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பாட்டிலேதான் கல்யாணம் பேசி முடிந்தது என்று கேலி செய்வார்கள். மூத்த பிள்ளை அமலா என்கிற அமலோற்பவத்துக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது இரண்டும் அடைத்துப்போனபோது, டாக்டர்கள் கையை விரித்தபோது, இரண்டு பேரும் கடற்கரை மாதா கோயிலுக்கு நடந்தே போய், வெள்ளித் தகட்டில் அடித்த ஒரு காதும் இரண்டு தொண்டையும் பீடத்தில் வைத்து, முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டார்கள். தாயே, எங்கள் பாட்டை நீ எடுத்துக்கொள், எங்கள் பிள்ளைக்குக் காதைக் கொடு, சாகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பாடமாட்டோம். அடுத்த ஈஸ்டர் பாஸ்குத் திருநாளுக்கு முன்னால், பூசை மணி அடிக்கையில் அமலா தலையைத் திருப்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவர்கள் பாடவில்லை. ஊரே கோயிலில் எழுந்து நின்று பாடும்போது இவர்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நிற்பார்கள். “பாட்டக் குடுத்தவங்க” என்று பெரியவர்கள் சின்னதுகளுக்குக் காட்டிக் கொடுப்பார்கள். மோட்சராக்கினிக்கு அந்த நேரத்தில் கஸ்பாரின் முழங்கை தன் முழங்கையில் இடிக்கும். அது ஒன்று போதும் அவளுக்கு. ஒரே சுமையை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குகிற மாதிரி இருக்கும்.

இரைச்சல் தொடங்கின மறுநாளே எலக்ட்ரானிக்ஸ் கடை ஐசக்கைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

“இது ஹம்மு அக்கா” என்று ஐசக் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னான். “டியூப்லைட்ட அணைங்க.”

அணைத்தாள். இரைந்தது. டிவிக்கு வருகிற கேபிள் ஒயரைப் பிடுங்கினான். இரைந்தது. ஃபிரிட்ஜோடு சேர்ந்திருந்த பிளக்கை எடுத்து அடுப்படிப் பலகையில் மாற்றிச் சொருகினான். ஆடியோ ஒயரைப் புதிதாக மாற்றினான், பழையதில் வெள்ளித்தாளைச் சுற்றிப் பார்த்தான், ஒயர்களைப் பிரித்துத் தள்ளித் தள்ளிப் போட்டான். ம்ம்ம் என்று அது பாட்டுக்கு இரைந்துகொண்டே இருந்தது. கடைசியில் பிளக்கையே உருவிவிட்டான். பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. இரைச்சல் அணையவில்லை. ஐசக் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான்.

“சரி, அப்ப கரண்டுல கோளாறு இல்ல” என்றான், ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட்ட திருப்தியோடு.

ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர்களையும் ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனான். கடையில் அவை பரம சாதுவாக இருந்தன. வீட்டிலோ, பெட்டி இருந்த வெறும் இடத்திலிருந்து, குரோஷாத் துணிக்கு மேலே, காற்றில் இரைச்சல் தனியாக நின்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சவேரியம்மா வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்த வெற்றிடத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏ ஐசக்கு, பெட்டியக் கொண்டாந்து வச்சிருடே. சத்தம் இப்பிடி அம்மணமா நிக்கது நல்லாவா இருக்கு? வயசுப் பிள்ளைய வந்து போற வீடு.”

அதனால் பெட்டி திரும்பி வந்தது. இரைச்சல் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

முதல் வாரம் சங்கடமாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம், எதிர்வீட்டுக் கைக்குழந்தை பல் முளைக்கிற காய்ச்சலில் வீறிட்டு அழுததைத் தாங்கமாட்டாமல் தாய்க்காரி தூக்கிக்கொண்டு வந்தவள், ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தாள். பிள்ளை கண்ணைச் செருகித் தூங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு மத்தியானங்களில் அந்த முன்னறையில் பாய் விரித்து நாலைந்து பிள்ளைகள் வரிசையாகக் கிடந்தன. தையல்கார பெர்னதெத் தன் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலோரம் போட்டாள். அந்தச் சத்தத்தில் மிதித்தால் தையல் கோணாமல் போகிறது என்றாள். மழையில் வேலையில்லாத அளத்துக்காரர்கள் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வீட்டிலே வைத்த குழம்பைப் பற்றிக் குறை சொல்வதை மறந்து போனார்கள். பாடகர் குழுப் பிள்ளைகள் வந்து பாடிப் பார்த்துவிட்டு, சுருதிப் பெட்டிகூட இவ்வளவு சுத்தமாக நிற்காது என்று சொல்லி, கிறிஸ்மஸ் பாட்டுக்கான ஒத்திகையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பங்குச்சாமியார் வந்தார், காதைக் கொடுத்துக் கேட்டார், தீர்த்தம் தெளித்தார், சுக்குக்காப்பி குடித்தார்.

“கெடுதல் செய்யாத சத்தம்தான். இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

சனிக்கிழமைகளில்தான் அதன் போக்கு வேறு மாதிரி இருந்தது. சாயங்காலம் கோயிலில் ஜெபமாலை நேரம் ஆனால் இரைச்சல் புடைத்துக்கொண்டு எழும்பும். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும், மாதா சுரூபத்தின் கண்ணாடிக் கூடு நடுங்கும், முற்றத்தில் காயப்போட்ட துணி காற்றில்லாமலே அசையும். சனிக்கிழமை மாதாவுக்குரிய நாள். ஆகையால் இது மாதாவின் காரியம்தான் என்று தெருப் பெண்கள் தீர்மானித்து, ஸ்பீக்கருக்கு மல்லிகைச் சரம் சாத்தி, மெழுகுவத்தி ஏற்றி, அந்த வீட்டிலேயே ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். மோட்சராக்கினிக்கு மட்டும் அது மாதாவின் சத்தமாகத் தோன்றவில்லை. எங்கேயோ ஒரு சீவன் வாயைக் கட்டிப் போட்டுவிட்டதால் மூக்காலே அழுகிறது என்றுதான் தோன்றியது. யார் பெற்ற பிள்ளையோ என்று அதற்காக ஒரு அருள்நிறை மந்திரம் தனியாகச் சொல்லிக்கொள்வாள்.

கஸ்பார் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. உப்புக் கம்பெனியில் பம்ப் ஆபரேட்டர் அவர். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்கு அளத்தில் மோட்டாரைப் பார்க்கப் போவார். வெயில்காலத்திலும் போவார், மழைக்காலத்திலும் போவார்.

“மழையில என்னத்த பாக்கப் போறிய அண்ணாச்சி? அளம் பூராத் தண்ணி. மோட்டாருல மீனு பிடிக்கவா?” என்று சவேரியம்மா கேட்பாள்.

“துருப்பிடிச்சிரக் கூடாதுல்லா” என்பார்.

மோட்சராக்கினி ஒருநாளும் கேட்டதில்லை. உழைக்கிற மனிதரிடம் என்ன கேட்பது.

ஐசக் மட்டும் விடவில்லை. தொழிலில் தோற்றுப்போன வெட்கம் அவனுக்கு. ஒரு சனிக்கிழமை மத்தியானம், கஸ்பார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“அக்கா, யோசிச்சுப் பாத்துட்டேன். இது ரெண்டு எர்த்துக் கேசு. ஒண்ணா மாட்டின ரெண்டு சாமான், ஆளுக்கொரு எர்த்துல நின்னா வாரது. ஒரு எர்த்து நல்லாப் பிடிச்சிருக்கும், இன்னொண்ணு லூசா எங்கயோ போயிக் கிடக்கும். லூசானது விட்ட பாரமெல்லாம் நல்லாப் பிடிச்சது மேல வந்து விழும். அந்தப் பாரந்தான் இப்பிடி இரையுது.”

“எங்க வீட்டுல ஒரே எர்த்துத்தானப்பா. கொல்லையில குழி இருக்கு.”

“இன்னொண்ணு வேற எங்கயோ இருக்கு அக்கா. அதக் கழட்டணும்.”

கஸ்பார் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார். அதைச் சரிசெய்யாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

தெருப் பையன்கள் மண்வெட்டியோடு வந்து கொல்லை முழுதும் தோண்டினார்கள். சிப்பி கிடைத்தது, உடைந்த பீங்கான் கிடைத்தது, இரண்டாவது எர்த் கிடைக்கவில்லை. ஊரெல்லாம் அவரவர் கொல்லையையும் பார்த்துக்கொண்டார்கள். மற்ற ஊர்களில் எர்த் குழிக்கு உப்பு போடுவார்களாம். சிப்பித்துறையில் மண்ணே உப்பு. மோட்சராக்கினி தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றி, எல்லாப் பாரத்தையும் இறக்கி வைக்க இடம் கொடு தாயே என்று கும்பிட்டுவிட்டு வருவாள்.

இரைச்சலின் பேர் சுத்துப்பட்டு ஊர்களுக்கெல்லாம் பரவிவிட்டது. தபசுகாலத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வடக்கே புன்னைவிளையிலிருந்து அந்த ஊர்ப் பாடகர் குழு ஒரு வேன் பிடித்து வந்து இறங்கியது. பர்னபாஸ் மாஸ்டர் என்று குழுத் தலைவர், பட்டுப்பாவாடைப் பிள்ளைகள், இரண்டு மூன்று நடுவயதுப் பெண்கள். சிப்பித்துறைச் சனமும் வேடிக்கை பார்க்க வாசலில் கூடிவிட்டது. மோட்சராக்கினி எல்லாரையும் கைகூப்பி உள்ளே வரச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான், கொல்லையில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே கஸ்பார் முன்னறைக்கு வந்தார்.

“அட, நம்ம அண்ணாச்சி!”

பர்னபாஸ் மாஸ்டர் பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் “பாட்டு மாமா, பாட்டு மாமா” என்று குதித்தன.

“இது உங்க வீடா அண்ணாச்சி? ஒரு வார்த்த சொல்லலியே! நேத்துகூடச் சேர்ந்துதான பாடினோம்?” மாஸ்டர் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, ஊருக்கு நல்ல சேதி சொல்லுகிற குரலில் சொன்னார்: “ஒங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. இவுக பிரார்த்தனப் பாட்ட எடுத்துக் குடுத்தாத்தான் எங்க ஊர்ல சனிக்கிழம சனிக்கிழமயா இருக்கும். எங்க அப்பா காலத்துலேருந்து வாராக.”

சவேரியம்மா வாய் திறந்தது, திறந்தபடியே இருந்தது. ஸ்பீக்கர் மட்டும் ம்ம்ம் என்றது.

நடுவயதுப் பெண் ஒருத்தி மோட்சராக்கினியின் பக்கத்தில் வந்து, அவள் தோளைத் தொட்டு, பரிதாபம் ததும்பப் பார்த்தாள். பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, செவிடரிடம் பேசுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக உரக்கக் கேட்டாள்:

“நீங்கதானா… அந்த… குரல் போன அக்கா? அண்ணாச்சி… சொல்லிருக்காக. ஒங்களுக்காக… எங்க ஊர்ல… எல்லா சனிக்கிழமயும்… வேண்டுதோம்.”

மோட்சராக்கினி கஸ்பாரைப் பார்த்தாள். அவர் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். அதில் தண்ணீரே இல்லை.

“எனக்குக் குரல் நல்லாத்தான் இருக்கும்மா” என்றாள்.

“ஆத்தி, பேச்சு வந்துட்டு! மாதாவே, பேச்சு வந்துட்டு!”

அந்தப் பெண் அப்படியே முழங்காலில் விழுந்தாள். புன்னைவிளைச் சனம் முழுதும் விழுந்தது. புதுமை, மாதாவின் அற்புதப் புதுமை என்று அழுதார்கள். ஒருத்தி மோட்சராக்கினியின் சேலைத் தலைப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நடக்காத ஒரு புதுமையின் நடுவில், கையில் காப்பித் தட்டோடு அவள் நின்றாள். “அண்ணாச்சி, நன்றிப் பாட்ட எடுத்துக் குடுங்க, எடுத்துக் குடுங்க” என்று மாஸ்டர் கண்ணீரோடு கெஞ்சினார். கஸ்பார் இல்லை என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம், கொல்லைப்பக்கம் போயிருக்கலாம். அவர் பாடினார். அத்தனை பேரின் வாயையும் அடைக்க அதுதான் லேசான வழியாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

அவள் பயந்தது அவர் பாடுகிறாரே என்பதற்கல்ல. எவ்வளவு நன்றாகப் பாடுகிறார் என்பதற்கு. கல்யாணத்துக்கு முந்தி அவள் கேட்ட குரல் இளசு, விளிம்பில் கொஞ்சம் கரகரக்கும். இது புழங்கிப் புழங்கி வழவழத்துப்போன உலக்கை மாதிரி இருந்தது. ஒருநாளும் சும்மா வைக்காத குரல். அவர் பாடப் பாட ஸ்பீக்கர் புடைத்து எழும்பி, டம்ளர்கள் உரசி, மாதாவின் கண்ணாடிக் கூடு நடுங்கியது. சனிக்கிழமைகளில் அது ஏன் அப்படித் துடித்தது என்று சிப்பித்துறைச் சனத்துக்கு அப்போது விளங்கியது. ஐசக் கூட்டத்தின் பின்னாலிருந்து, “ரெண்டாவது எர்த்து” என்று மெதுவாகச் சொன்னான்.

வேன் போன பிறகு, வாசலில் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போன பிறகு, விளக்கேற்றுகிற நேரத்தில், அவள் காப்பி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து கேட்டாள்.

“எப்பத்திலிருந்துங்க?”

“நேந்துக்கிட்ட மொத வருசமே.” அவர் நாற்காலியின் கையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “மோட்டாரப் பாத்துட்டு வாரேன், புன்னைவிளக் கோயில்ல ஒரு அனாதைப் பிரேதம். பாட ஆளில்ல. ரெண்டு வரி பாடிட்டேன். பாடின பெறகு ஈரக்குலையே நடுங்கிட்டு. சைக்கிள மிதிச்சு வீட்டுக்கு ஓடிவந்து பாத்தேன். பிள்ள நான் கூப்பிட்டதும் திரும்பிச்சு. காது போகல.”

“அப்ப மாதா மன்னிச்சிட்டான்னு நெனச்சியளா?”

“இல்ல. நீ இருக்கியேன்னு நெனச்சேன். ரெண்டு பேருக்கும் சேத்து நீ ஒருத்தி இருக்கியேன்னு.”

“எங்கிட்டச் சொல்லிருக்கலாமே.”

“சொன்னா நீயும் பாடிருப்ப. அப்பறம் பிள்ளைக்கு யாரு?”

அவள் அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை, கள்ளம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வீட்டில் ஒருத்தி வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிற தைரியத்தில் அவர் போய்ப் பாடிக்கொண்டிருந்தார். கோயிலில் இடித்த அந்த முழங்கை நினைவுக்கு வந்தது. சுமையின் மறுபக்கத்தில் ஆளே இல்லை. குரலே போச்சென்று அவர்களிடம் சொன்னீர்களே என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. அது ஒன்று மட்டும் அவர் உண்மையைத்தானே சொல்லியிருக்கிறார்.

ஊர் இரைச்சலைப் பழகிக்கொண்ட மாதிரியே இதையும் இரண்டு நாளில் பழகிக்கொண்டது. “ஆம்பிள, பாட்டுத்தானே பாடினாரு, வேற தப்பு தண்டாவுக்கா போனாரு?” என்று அளத்துக்காரர்கள் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார்கள். “பேசாமக் கெடங்கடே. ஒரு நாளு பெண்டாட்டிக்காகப் பட்டினி கெடந்திருக்கியளா, பேச வந்துட்டாக” என்று சவேரியம்மா அவர்களை விரட்டினாள். சாமியார் வந்து, ராக்கினியம்மா, நேர்ச்சையைக் கோயில் அதிகாரத்தில் நானே மாற்றித் தரலாம், வேண்டுமானால் நாலு ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டு முடித்துக்கொள்ளலாம் என்றார்.

“நா வாக்குக் குடுத்தது ஒங்ககிட்ட இல்லியே சாமி” என்றாள் அவள், மரியாதையாக.

அமலா செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி வந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், பக்கத்து டவுனில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஊசி விழுந்தால் கேட்கிற காது அவளுக்கு. ஆனால் வந்தவள் ஸ்பீக்கர் முன்னால் காதைக் கொடுக்கவில்லை. முழங்காலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, அதன் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை.

“யம்மா, இது நீங்கதாம்மா.”

“என்னட்டி சொல்லுத?”

“எனக்குக் காது கேக்காத காலத்துல, என்னைய மடியில போட்டு, எங் கைய எடுத்து ஒங்க நெஞ்சுல வச்சுக்கிட்டுப் பாடுவிய. எனக்குச் சத்தம் தெரியாது. இந்தத் துடிப்புத்தான் தெரியும். இதேதாம்மா. நீங்க பாடாம வச்சிருந்ததெல்லாம் இதுக்குள்ள கிடக்கு.”

மோட்சராக்கினி தரையில் உட்கார்ந்தாள். யார் பெற்ற பிள்ளையோ என்று இத்தனை மாதமாக வேண்டிக்கொண்டது தனக்காகத்தானா? ஸ்பீக்கரைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அமலா கையை எடுக்காமலே, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: “யம்மா, திட்டாதிய. அப்பா பாடுதது எனக்கு முன்னமே தெரியும்.”

“முன்னமேன்னா?”

“காலேஜு படிக்கும்போது. பஸ்ஸு புன்னைவிளக் கோயில் பக்கம் நின்னுச்சு. மைக்குல கேட்டுது. எறங்கிப் போயிப் பாத்தேன். அம்மைகிட்டச் சொல்லிராத, நொறுங்கிருவான்னாரு. பெறகு ரூபன்கிட்டச் சொன்னேன். அவந்தான், அம்ம பாட்டாவது கேக்கட்டும்னு இந்தப் பெட்டிய அனுப்பிச்சான்.”

எந்தக் காதுக்காகத் தன் தொண்டையை அடைத்தாளோ அந்தக் காது அவர் பாட்டைக் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டு வந்து, உதட்டை ஒட்டிக்கொண்டு அரிசி களைகிறவளைப் பார்த்து, காப்பி கொடுங்கம்மா என்று சொல்லியிருக்கிறது. மோட்சராக்கினி மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். கை பழக்கத்தில் தடவியது. மனசு எங்கோ தூரத்தில் நின்றது.

“எப்பிடிப் பாடினாரு?” என்று மட்டும் கேட்டாள்.

“நல்லாப் பாடினாரும்மா.”

விபூதிப் புதன் வந்தது, நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டார்கள். சனிக்கிழமை வந்தது. கஸ்பார் வெள்ளைச் சட்டை போடவில்லை, சைக்கிளை எடுக்கவில்லை. முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தெருப் பெண்கள் ஜெபமாலையோடு வந்து பாயில் அமர்ந்தார்கள். அமலாவும் வந்திருந்தாள். ஜெபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களும் சொல்லி முடித்து, ஒருவர் வரி பாட மற்றவர்கள் பதில் சொல்கிற மாதா பிரார்த்தனை தொடங்க வேண்டிய இடத்தில் மோட்சராக்கினி எழுந்து நின்றாள். மாதாவிடம் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கிணற்றடியில் பேசுகிற குரலில்தான் பேசினாள்.

“தாயே, எம் பங்க நா இத்தன வருசம் பத்திரமா வச்சிருந்தேன். அவுக பங்கையும் நாந்தான் வச்சிருந்திருக்கேன், எனக்கே தெரியாம. நீ கணக்குல ரெண்டு பேருன்னு எழுதிருப்ப. ரெண்டு பேரு பாரத்தயும் நா சுமந்தது செல்லும்னா, இனி அவுக சுமந்தாலும் செல்லணும். இந்தா, அவுக கையில குடுக்கேன்.” கஸ்பாரிடம் திரும்பினாள். “ரெண்டு பேருக்கும் சேத்து இனி நீங்க இருங்க.”

கஸ்பார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அமலா, செவுத்தப் பாத்து உக்காரு. எம் மொகத்தப் பாக்காத.”

மகள் திரும்பி உட்கார்ந்தாள். மோட்சராக்கினிக்கு அவள் பின்னலும், பின்னலின் இருபுறமும் இரண்டு காதுகளும் மட்டும் தெரிந்தன. சின்னக் கம்மல் போட்ட, மாதா கொடுத்த காதுகள். இவள் திரும்பக் கேளாமல் போனால் என்ன செய்வேன் என்று கடைசியாக ஒருமுறை பயந்தாள். பிறகு பிரார்த்தனையின் முதல் வரியைப் பாடினாள்.

அது பாட்டாகவே வரவில்லை. துருவேறிய கிணற்று ராட்டினம் மாதிரி கிறீச்சிட்டு, நடுவில் உடைந்து, மூச்சில்லாமல் நின்றது. பெண்கள் யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் அமலாவின் பின்னலையே பார்த்தார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அமலா, சரியான இடத்தில், சரியான மூச்சில், “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றாள்.

இரண்டாவது வரியை மோட்சராக்கினி வேண்டுமென்றே மெதுவாக, உதட்டுக்குள் பாடினாள். அமலா அதற்கும் பதில் சொன்னாள்.

அப்போது இரைச்சல் ஸ்பீக்கரை விட்டு இறங்கியது. சிமெண்டுத் தரை வழியாக அது நடந்து போனதைப் பாயில் இருந்தவர்கள் உள்ளங்காலில் உணர்ந்தார்கள். சவேரியம்மா காலைத் தூக்கி அதற்கு வழிவிட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியின் கால் வழியாக ஏறி அது கஸ்பாரின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. அவர் ஏதோ சொல்ல வந்தார். ம்ம்ம் என்று மட்டும் கேட்டது. மோட்சராக்கினி திரும்பிப் பார்க்கவில்லை. தொண்டை எரிய எரிய, உடைந்த குரலிலேயே பிரார்த்தனையைக் கடைசி வரைக்கும் பாடி முடித்தாள். கொடுத்தது திரும்பி வரவில்லை. கன்னிப்பெண்ணாய் அவள் பாடின அந்த நல்ல குரல் எதுவோ, அது இரைச்சலோடு சேர்ந்து அவருக்குள் போய்விட்டது. அவளுக்கு மிஞ்சியது இதுதான்.

ஐசக் மறுநாள் வந்து பெட்டியைப் போட்டுப் பார்த்தான். துளி இரைச்சல் இல்லை. கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

கஸ்பார் இப்போது எங்கும் பாடப் போவதில்லை. பேச நினைத்தால் பேச்சு வருகிறது, பாட நினைத்தால் அந்த இரைச்சல்தான் வருகிறது. புன்னைவிளையில் அவருக்காக எல்லாச் சனிக்கிழமையும் வேண்டுகிறார்களாம். பல் முளைக்கிற பிள்ளைகளைத் தாய்மார்கள் பழையபடி தூக்கிக்கொண்டு வந்து, அவரைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகள் அந்தத் துடிப்பில் சுகமாகத் தூங்குகின்றன. அமலா வரும்போதெல்லாம் அப்பாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். “யம்மா, ஒருக்க வந்து தொட்டுப் பாருங்களேன், அப்பிடியே நீங்கதான்” என்று கூப்பிடுவாள்.

“அடுப்புல வேல கெடக்கு” என்பாள் மோட்சராக்கினி, அரிசி களைந்துகொண்டே, உடைந்த குரலில் ஏதோ ஒரு ஞானப்பாட்டின் பாதியில் நிறுத்தி. பிறகு விட்ட இடத்திலிருந்து பாடுவாள். அந்த நெஞ்சில் அவள் இன்றுவரை கை வைத்துப் பார்த்ததில்லை.